மூத்த மகளுக்கு வசனம் இல்லை

போடியில் பிறந்தவள் நான். வயது ஐம்பத்திரண்டு. காலையில் கதவைத் திறந்தால் மலை தெரியும். அதில் ஏறியதில்லை. மேலே விளையும் ஏலக்காயை முப்பது வருஷமாகக் கிட்டங்கியில் உட்கார்ந்து பிரிக்கிறேன். பச்சை ஒரு பக்கம், வெளுப்பு ஒரு பக்கம், வெடித்தது ஒரு பக்கம், பூச்சி அரித்தது ஒரு பக்கம். காய்தான் இறங்கி வரும். நான் ஏறிப் போகத் தேவை வரவில்லை.

போன கார்த்திகையில்தான் அந்தத் தேவை வந்தது. நாடகம் போட மூன்று நாள் கேரளாப் பக்கம் போனோம்.

நாடகத்தை எழுதியவள் செல்வராணி. கிட்டங்கியில் எனக்கு அடுத்த இடம் அவளுக்கு. பத்தாவது படித்தவள். மதுரையில் பெண்களுக்கு நாடகம் எழுதச் சொல்லிக்கொடுத்த ஒரு முகாமுக்குப் போய்விட்டு வந்தாள். அதிலிருந்து எழுதுகிறாள். தனியாக உட்கார்ந்து யோசித்து எழுதுகிற ஆள் இல்லை. நாங்கள் காய் பிரித்துக்கொண்டே பேசுவதைக் கேட்பாள். பிடித்த பேச்சு வந்தால் கையை நிறுத்தி, "இத எழுதிக்கவாக்கா?" என்பாள். சரி என்றால் நோட்டில் ஏறும். வேண்டாம் என்றால் விட்டுவிடுவாள். கேட்காமல் யாருடைய பேச்சையும் எழுதியதில்லை.

நாடகம் ஒரு சாவு வீடு. நடுவில் செத்துப்போன தாய். சுற்றிலும் பெண்கள் உட்கார்ந்து ஏலக்காய் பிரித்துக்கொண்டே பேசுவார்கள். பார்க்கிறவர்களைப் பார்த்து யாரும் பேசக் கூடாது, பக்கத்தில் இருப்பவளிடம்தான் பேச வேண்டும். யாரும் அழக் கூடாது. "நீங்க அழுதுட்டா பாக்க வந்தவ அழ மாட்டா" என்று செல்வராணி சொல்வாள். ஆண்கள் உள்ளே வரமாட்டார்கள். வெளியே இருந்து ஒரு குரல் மட்டும் மூன்று தடவை கேட்கும். "நேரமாச்சு, எடுக்கலாமா?"

யாரும் பதில் சொல்வதில்லை. வெளியூரில் இருக்கும் மூத்த மகள் வரவேண்டும். அவள் வந்து முகம் பார்த்த பிறகுதான் நாடகம் முடியும்.

அந்த மூத்த மகள் நான். பார்க்கிறவர்களுக்குப் பின்னால் நின்று, கடைசியில் நடந்து போய், குனிந்து முகம் பார்க்க வேண்டும். வசனம் கிடையாது. எனக்கு அது தோதாக இருந்தது. ஏன் வசனம் இல்லை என்று கற்பகம்தான் ஒருநாள் கேட்டாள். கற்பகம் ராசிங்காபுரத்துக்காரி. செத்த தாயாக நடிப்பவள்.

"எங்க அக்காவக் கேக்காம அவ பேச்ச எப்படி எழுதுறது?" என்றாள் செல்வராணி.

நடந்தது எங்களுக்குத் தெரியும். செல்வராணியின் அம்மா ஒரு ஐப்பசி மழையில் செத்துப்போனார். அக்கா சந்திரா மலையில் எஸ்டேட் வேலையில் இருந்தாள். போடிமெட்டு மலைப்பாதையில் மண் சரிந்துவிட்டது. சுற்றிக்கொண்டு மறுநாள் வந்து சேர்ந்தாள். அதற்குள் எடுத்துவிட்டார்கள். மழை வலுக்கிறது என்று ஆண்கள் வெளியே பேசி முடிவு செய்தார்கள். உள்ளே செல்வராணி வாயைத் திறக்கவில்லை. சந்திரா வாசலிலேயே நின்று அவளை மட்டும் பார்த்து ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத் திரும்பிப் போனாள். என்ன வார்த்தை என்று செல்வராணி எங்களிடம் சொன்னதில்லை. ஆறு வருஷமாகப் பேச்சு இல்லை. போன் போட்டால் எடுப்பதில்லை.

இந்தப் பயணமே அதற்காகத்தான். மலையில் இரண்டு இடத்தில் போடுவதாக ஏற்பாடு. இரண்டாவது இடம் சந்திரா இருக்கும் எஸ்டேட். அவள் வந்து பார்க்க வேண்டும். செல்வராணிக்கு வேறு ஒன்றும் வேண்டாம்.

வெள்ளிக்கிழமை காலை கிளம்பினோம். நடிக்கிறவர்கள் ஆறு பேர், ஜீப்பு ஓட்ட கணேசன். வெளியே இருந்து கேட்கும் குரலும் அவன்தான். போகும் வழியெல்லாம் அதற்குப் புலம்பினான்.

"நாடகத்துலயே ஒரே ஒரு ஆம்பள. மூஞ்சியக் காட்ட விடுறீங்களா? வெளியே நின்னு கத்துறதுக்கு நான் எதுக்கு, ஒரு ரேடியாவ வச்சிக்கங்க."

"ரேடியா ஜீப்பு ஓட்டுமா மாப்ளே?" என்றாள் கற்பகம்.

பின்னால் இரண்டு சின்ன மூட்டை ஏலக்காயும் நாற்பது சுளகும் இருந்தன. நாடகம் பார்க்க வருகிறவர்கள் சும்மா உட்காரக் கூடாது, அவர்களும் பிரிக்க வேண்டும். அது செல்வராணியின் முறை. கை சும்மா இருந்தால் பொம்பளைக்கு வீட்டு நினைப்பு வந்துவிடும், கையில் வேலை இருந்தால்தான் காது கேட்கும் என்பாள். காய் கிட்டங்கி முதலாளியுடையது. பிரித்துத் திரும்பி வரும் என்பதால் கொடுத்தார்.

போடிமெட்டில் அதுவே வினையாயிற்று. செக்போஸ்ட்டில் இருந்தவர் மூட்டையைத் தட்டிப் பார்த்தார்.

"என்ன இது?"

"ஏலக்காய் சார்."

"எங்கேருந்து?"

"போடியிலேருந்து."

அவர் உள்ளே திரும்பி மலையாளத்தில் சத்தம் போட்டார். கணேசனுக்கு அந்தப் பேச்சு தெரியும். 'இங்கே வாருங்கள், போடிக்காரிகள் மலைக்கே ஏலக்காய் கொண்டுவந்திருக்கிறார்கள்' என்றாராம். இரண்டு பேர் எழுந்து வந்து பார்த்தார்கள். ஏலக்காய் ஏறி அவர்கள் கண்டதில்லை.

"விற்கவா?"

"இல்ல சார், பிரிக்க."

"யார் பிரிக்க?"

"நாடகம் பாக்க வர்றவங்க."

அவருக்குச் சந்தேகம் கூடிவிட்டது. நாடகமென்றால் நடித்துக் காட்டச் சொன்னார். கற்பகம் அங்கிருந்த பெஞ்சில் நீட்டிப் படுத்துக் கண்ணை மூடினாள். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அப்புறம்?" என்றார்.

"செத்தவ அப்புறம் என்ன சார் செய்வா?" என்றாள் கற்பகம், கண்ணைத் திறக்காமல்.

எங்களைக் கூப்பிட்டிருந்த பிந்து டீச்சர் போனில் பேசி, அவர்கள் நோட்டில் எழுதி, விட ஒரு மணி நேரம் ஆனது. அதற்குள் மூடுபனி இறங்கிவிட்டது. போடியில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும். இங்கே பத்தடிக்கு முன்னால் போகிற லாரி தெரியவில்லை. கணேசன் தலையை வெளியே நீட்டிக்கொண்டு ஓட்டினான். நான் வெளியே பார்க்கவில்லை. பனி விலகி ஜீப்பை விட்டு இறங்கிய பிறகு, காட்டில் ஏலச்செடி எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் கண்டேன். ஆள் உயரத்துக்கு மேல் இலை. காய் மட்டும் அடியில், மண்ணோடு மண்ணாகக் கிடக்கிறது. பறிக்க உட்கார்ந்தே நகர வேண்டும். நாங்கள் உட்கார்ந்து பிரிக்கிறோம், அவர்கள் உட்கார்ந்து பறிக்கிறார்கள். அவர்களுக்கு மழையும் அட்டையும் கூடுதல்.

பிந்து டீச்சர் மலையாளி. பள்ளிக்கூடத்தில் வேலை. அவரும் நாடகம் எழுதுகிறவர். அவர் வீட்டில் தங்கினோம். மத்தியானம் அவித்த மரவள்ளியும் மீன் குழம்பும். எங்கள் ஊரில் மரவள்ளியைச் சாயங்காலம் தின்பண்டமாகத் தின்போம். இவர்கள் சோற்றுக்குப் பதிலாகவே வைக்கிறார்கள். குழம்பின் புளிப்பு எங்கள் புளி இல்லை. கறுப்பாக ஏதோ கிடந்தது. நன்றாக இருந்தது. கற்பகம் மூன்று தடவை வாங்கினாள்.

டீச்சர் தன் நாடகத்தைப் பற்றிச் சொன்னார். ஒரே ஒரு பெண். மேடையில் நிஜ மீனைக் கழுவி, அறுத்து, குழம்பு வைப்பாள். முக்கால் மணி நேரம். பேச்சே கிடையாது. கடைசியில் ஒரே ஒரு தட்டு எடுத்து, தனக்கு மட்டும் போட்டு, உட்கார்ந்து சாப்பிடுவாள். அவ்வளவுதான்.

"பாக்க வந்தவங்களுக்குக் கெடையாதா டீச்சர்?" என்றாள் கற்பகம்.

"இல்லை. அதுதான் நாடகம்" என்று டீச்சர் சிரித்தார். முதல் தடவை போட்டபோது முன் வரிசை ஆண்கள் பாதியில் எழுந்து, எப்போது தொடங்குவீர்கள் என்று கேட்டார்களாம்.

பிறகு செல்வராணியிடம், "உன் நாடகத்தில் எல்லாரும் கூட்டமாகவே இருக்கிறீர்களே. ஒருத்தியைத் தனியாக நிறுத்த மாட்டாயா?" என்று கேட்டார்.

"எங்கள்ல யாரு டீச்சர் தனியா இருக்கா? அழணும்னாக்கூட நாலு பேரு கூட ஒக்காருவோம்."

போடியில் திருவிழா நாடகம் பார்த்திருக்கிறேன். ஆர்மோனியம் இருக்கும். ராஜா நடுவில் நிற்பார். பெண் வேஷம் ஓரமாக வந்து பாடி அழுதுவிட்டுப் போகும். இவர்கள் இரண்டு பேரும் பேசிக்கொண்டதைக் கேட்டபோது, ஒருத்தி பெண்ணைத் தனியாக நடுவில் நிறுத்துகிறாள், ஒருத்தி நடுவில் யாரையுமே நிறுத்தவில்லை என்று பட்டது. எது சரி என்று எனக்குத் தெரியாது. சாயா குடித்தேன். பால் இல்லாத சாயா. அது எனக்கு ஒத்துவரவில்லை.

அக்காவுக்குத் தகவல் சொன்னீர்களா என்று செல்வராணி டீச்சரைக் கேட்டாள். ஆள் விட்டுச் சொல்லியாயிற்று என்றார். பதில் வரவில்லை.

சனிக்கிழமை முதல் நாடகம். வேலை விட்டதும் நாலரை மணிக்கு, ஒரு எஸ்டேட்டின் காய் உலர்த்தும் கொட்டகையில். முப்பது பேருக்கு மேல் பெண்கள் வந்தார்கள். எல்லாரும் தமிழாட்கள். சுளகைக் கையில் கொடுத்ததும் ஒருத்தி, "ஏ ஆத்தா, நாள் பூரா பறிச்சிட்டு வர்றோம், நாடகம் பாக்க வந்தாலும் சோலிதானா?" என்றாள். சொல்லிக்கொண்டே பிரிக்க ஆரம்பித்துவிட்டாள்.

செல்வராணி ஒரு தப்புக் கணக்குப் போட்டிருந்தாள். போடியில் ஆளுக்கு ஒரு படி காய் கொடுப்போம். நாடகமும் காயும் ஒன்றாக முடியும். மலைக்காரிகள் பறிக்கிறவர்கள்தானே, பிரிக்கக் கை ஓடாது என்று அரைப்படி கொடுத்தாள். அவர்கள் விரலைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. இலைக்கடியில் கண்ணால் பார்க்காமலே பழுத்தது, பழுக்காதது அறிகிற விரல்கள். எங்களைவிட வேகம்.

கணேசன் இரண்டாவது தடவை "எடுக்கலாமா?" என்று கேட்டபோது எல்லாச் சுளகும் காலி. காய் முடிந்தால் அன்றைய வேலை முடிந்தது. அதை யாருக்கும் யாரும் சொல்ல வேண்டியதில்லை. மடியை உதறினார்கள். சுளகைக் கவிழ்த்து அடுக்கினார்கள். தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். பின்னால் நான் மூத்த மகளாகக் காத்து நிற்கிறேன். என் பக்கமாகத்தான் போனார்கள்.

"வரலையா? தண்ணி வர்ற நேரமாச்சு" என்று ஒருத்தி என்னையும் கூப்பிட்டாள்.

கொட்டகையில் நாங்கள் மட்டும் இருந்தோம். கணேசன் வெளியே மூன்றாம் தடவையும் கேட்டான். கற்பகம் எழுந்து உட்கார்ந்து, "எல்லாரும் போயாச்சு மாப்ளே. இனி எடுத்தா என்ன, எடுக்காட்டி என்ன" என்றாள். நாங்கள் சிரித்தோம். செல்வராணி சிரிக்கவில்லை.

வீட்டுக்கு வந்து பேசினோம். காய் வேண்டாம், சும்மா உட்கார வைத்துப் போடு என்றார் டீச்சர்.

"காய் இல்லாம ஒக்கார மாட்டாக டீச்சர். அவளும் ஒக்கார மாட்டா" என்றாள் செல்வராணி. அவள் என்று சொன்னது அக்காவை.

சரி, ஆளுக்கு ஒரு படியாகக் கொடுக்கலாம் என்றால் மிச்சக் காய் காணாது. வரப்போகிற கூட்டத்துக்கு அரைப்படிதான் வரும். பிரித்த மூட்டையை மறுபடி கலந்து கொடுக்கலாமே என்று கற்பகம் சொன்னாள்.

"பிரிச்சதக் கலந்தா நான் இப்பவே எறங்கிப் போயிர்றேன்" என்றேன். அதோடு அந்தப் பேச்சு நின்றது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இரண்டு மணிக்கு இரண்டாவது எஸ்டேட். கோயில் முன்னால் தகரக் கொட்டகை. போகிற வழியில் ஜீப்பு சேற்றில் சிக்கி, இறங்கித் தள்ளினோம். கற்பகம் தள்ளவில்லை. பொணம் வண்டி தள்ளக் கூடாது என்றாள். கால் முழுக்க அட்டை. கணேசன் உப்புப் பொட்டலம் வைத்திருந்தான்.

பெண்கள் வந்து உட்கார்ந்தார்கள். செல்வராணி ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். அக்கா இல்லை. பத்து நிமிஷம் பொறுத்தோம். பிறகு ஆரம்பித்தாள். கற்பகத்தின் காலடியில் உட்கார்ந்துகொண்டாள். நாடகத்தில் இளைய மகளாக அவளே நடிக்கிறாள்.

நான் பின்னால் தூணோரம் நின்றேன். பாதி நாடகத்தில் ஒருத்தி வந்தாள். தலையில் மழைக்குப் போடும் பிளாஸ்டிக் தாள். செல்வராணியின் அதே தாடை. முன்னால் போகவில்லை. எனக்குப் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்தாள். நான் ஒரு சுளகில் காய் போட்டுக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டாள்.

"நீ ஏன் நிக்கிற?" என்றாள், மெதுவாக.

"நானும் நடிக்கிறேன்."

"யாரா?"

"மூத்த மகளா."

கை நின்றது. மறுபடி ஓடியது.

"என்ன பேசுவ?"

"ஒண்ணும் பேச மாட்டேன். ஒன்னயக் கேக்காம ஒம் பேச்ச எழுத மாட்டேன்னுட்டா."

அவள் முன்னால் பார்த்தாள். செல்வராணி எங்களுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தாள்.

"எத்தன வாட்டி போட்டிருக்கீக?"

"இது பதினொண்ணு."

"எல்லாத்துலயும் மொகத்தப் பாத்துருவியா?"

"நேத்துப் பாக்கல. மத்ததுல பாத்துட்டேன்."

அவள் சுளகைப் பார்த்துக் குனிந்தாள். நான் அவள் கையைக் கவனித்தேன். ஒரு காயை எடுப்பாள். திருப்புவாள். வைப்பாள். அதையே மறுபடி எடுப்பாள். மலைக்காரியின் கை அப்படி ஓடாது.

கணேசன் இரண்டாம் தடவை கேட்டான். நேற்று மாதிரியே காய் முடிந்துவிட்டது. பெண்கள் மடியை உதறினார்கள். இரண்டு பேர் எழுந்தேவிட்டார்கள். முன்னால் செல்வராணியின் தோள் இறங்கியது.

"எந்திரி சந்திரா, போவோம்" என்று ஒருத்தி கை நீட்டினாள்.

"எனக்கு இன்னும் முடியல" என்றாள் சந்திரா. சுளகில் காய் அப்படியே இருந்தது.

காட்டில் ஒருத்தி பறிக்கிற நிரை பின்தங்கினால் மற்றவர்கள் திரும்பி வந்து சேர்ந்து முடிப்பார்கள். ஒருத்தியை விட்டுவிட்டுக் கிளம்புவது கிடையாது. எழுந்தவர்கள் உட்கார்ந்தார்கள். நாலைந்து பேர் நகர்ந்து வந்து அவள் சுளகில் கை வைத்தார்கள். மற்றவர்கள் அவர்களுக்காகக் காத்திருந்தார்கள். "என்னாடி, ஒனக்கு இன்னைக்கிக் கை வெளங்கலயா?" என்றாள் ஒருத்தி.

"மெதுவாப் பிரிங்க" என்றாள் சந்திரா. "என்ன அவசரம்."

பிரித்துக்கொண்டே நாடகத்தைப் பார்த்தார்கள். கணேசன் மூன்றாம் தடவை கேட்டான். "நேரமாச்சு, எடுக்கலாமா?"

முன்னால் பேச்சு நின்றது. அது நான் போகவேண்டிய இடம். கிளம்பினேன். என் சேலையைப் பிடித்துவிட்டாள்.

"நீ இரு."

எழுந்தாள். பிளாஸ்டிக் தாளைக் கழற்றித் தூணில் மாட்டினாள். உட்கார்ந்திருந்தவர்களுக்கு நடுவே நடந்து போனாள். யாரும் ஒன்றும் நினைக்கவில்லை. அவளும் நாடகத்தில் இருக்கிறாள் என்று எண்ணியிருப்பார்கள். செல்வராணி திரும்பிப் பார்த்தாள். பார்த்தவள் எழவில்லை. காலடியிலேயே இருந்தாள்.

சந்திரா குனிந்து கற்பகத்தின் முகத்தைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். கற்பகம் மூச்சை அடக்கிக்கொண்டு கிடந்தாள். தாடையைச் சேர்த்துக் கட்டியிருந்த துணியைச் சந்திரா அவிழ்த்தாள். மறுபடி கட்டினாள். முடிச்சைக் காதோரமாகத் தள்ளி வைத்தாள். நெற்றியில் சரிந்திருந்த முடியை ஒதுக்கினாள்.

நிமிர்ந்தாள். வெளியே பார்த்துச் சொன்னாள்.

"பாத்தாச்சு. எடுங்க."

முந்தின பத்துத் தடவையிலும் நாடகத்துக்குள் கணேசனுக்கு யாரும் பதில் சொன்னதில்லை.

"சரிக்கா" என்று வெளியே இருந்து குரல் வந்தது.

சந்திரா தங்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். இரண்டு பேரும் காலடியில் இருந்தார்கள். அந்த இடத்தில் செல்வராணிக்கு ஒரு கடைசி வசனம் உண்டு. எழுதியவளே சொல்லவில்லை. அப்படி ஒன்று இருப்பது பார்க்க வந்த யாருக்கும் தெரியாது.

சந்திராவின் சுளகில் ஒரு கை காய் மிச்சம் கிடந்தது. எனக்கு வேறு சோலி இல்லை. அந்தப் பெண்களோடு உட்கார்ந்து பிரித்து முடித்தேன்.